சொட்டாத ஓட்டை

சாவியைத் திருப்பினால்
ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் சுற்றுகிறது,
தானியம் போடாத திரிகை மாதிரி.
ஆக, பேட்டரி இல்லை.
சொன்னால் கெரோன்டி நம்பமாட்டார்.
ஜூன் மாதம் அவர் நெஞ்சுக்குள் ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள்;
அன்றிலிருந்து உலகத்தில் எது நின்றாலும்
அவருக்கு அது பேட்டரிதான்.

லடாலியில் சனிக்கிழமை, காலை ஐந்தரை.
மைனஸ் பதினாலு.
கல் கோபுரங்களின் தலையில் பனி.
வேனின் பக்கவாட்டில்
எவ்வளவு சுரண்டியும் போகாத
ஏதோ ஒரு ஜெர்மன் ரொட்டிக்கடையின் பெயர்.
ஒன்பது பேர் சுக்தீதி போக வேண்டும்.
மக்வாலாவின் காலடியில் பதினோரு சீஸ் வட்டுகள்.
மல்யுத்தப் பையன் எடை பார்க்க நிற்க வேண்டுமென்று
நேற்றிலிருந்து எதுவும் தின்னவில்லை,
சீஸையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"டீசல் உறைஞ்சிருக்கும், டாங்கிக்கு அடியில நெருப்பு வை."
"கொஞ்சம் சாராயம் ஊத்திப் பாரு."
"போன வாரம் வரைக்கும் ஓடுச்சே."
போன வாரம் வரைக்கும்
எல்லோரும்தான் ஓடினோம்.

புகைக்குழாய் அருகே குனிந்தேன்.
உள்ளே உட்கார்ந்து பெக்கார் சுற்றினான்.
வெள்ளைப் புகை வந்தால்
டீசல் போகிறது, சூடுதான் போதவில்லை என்று அர்த்தம்.
வரவில்லை.
மூக்கை வைத்துப் பார்த்தேன்:
நேற்றைய கரி நாற்றம், அவ்வளவுதான்.

க்ளோ பிளக் நான்கையும் சோதனை விளக்கால் தொட்டேன்.
மூன்றில் எரிந்தது.
ஒன்று போன குளிர்காலமே செத்தது.
மூன்றை வைத்துக் குடும்பம் நடத்தலாம்.

இன்ஜெக்டர் நட்டைக் கால் சுற்று தளர்த்தி
"சுத்து" என்றேன்.
இரும்பு வியர்க்க வேண்டும்.
வியர்க்கவில்லை.

தண்ணீர் எங்கே நின்றது என்று
வாய்க்காலோடு மேலே நடப்பவளைப்போல
பம்ப்பிலிருந்து ஃபில்டர் வரை
விரலால் குழாயைத் தடவிக்கொண்டே போனேன்.
அதில் ஒரு சாண் நீளம் மட்டும்
உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக்.
விளக்கைக் கொண்டுவரச் சொன்னேன்.
குமிழ்கள்.
ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல்.

காற்று.

கீழே பனியில் ஒரு சொட்டு டீசல் கிடையாது.
ஒழுகினால் யாரும் கண்டுபிடித்துவிடலாம்.
இது வெளியே விடாத ஓட்டை,
உள்ளே இழுக்க மட்டும் தெரிந்தது.
இரவெல்லாம் சத்தமில்லாமல்
டீசல் வந்த வழியே டாங்கிக்குத் திரும்பியிருக்கிறது.

ஃபில்டர் மூடியில் கை வைத்தபோது
விளக்கு அசைந்தது.

பிடித்திருந்தவன் பெக்கார், என் கணவனின் தம்பி.
செவ்வாய்க்கிழமை ஃபில்டர் மாற்றியவன்.
இரண்டு முறை கேட்டிருந்தேன்,
"எல்லாம் மாத்திட்டியா?"
"மாத்திட்டேன், நாஸிப்ரோலா."

திறந்தேன்.
ஃபில்டர் புதுசு.
ரப்பர் வளையம் பழசு, தட்டையாகி,
ஓரத்தில் முடி விழுந்த மாதிரி ஒரு வெடிப்பு.

அவன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டான்.
பேசாமலிருக்க அதுவும் ஒரு வழி.
கையுறையைக் கழற்றி
கோட்டின் உள்பையிலிருந்து எடுத்து நீட்டினான்,
புது வளையம்,
உடம்புச் சூட்டோடு.

புதன், வியாழன், வெள்ளி
வேன் கிளம்பத்தான் செய்தது,
ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றவைத்து.
அந்த மூன்று விடியலிலும்
கூப்பிடாமலே வந்து அவன் பக்கத்தில் நின்றான்.
பாசம் என்று நினைத்திருந்தேன்.
அதுவும் இருந்திருக்கலாம்.

வளையத்தில் டீசல் தடவி, அமர்த்தி, மூடினேன்.
கைப்பம்ப் முதலில் பஞ்சு மாதிரி அமுங்கியது,
அப்புறம் முஷ்டி மாதிரி எதிர்த்தது.
அவன் சுற்றச் சுற்ற
நட்டின் ஓரம் வியர்த்தது.
இறுக்கினேன்.
இரண்டு இருமல், ஒரு தயக்கம்,
பிறகு தெருவையே மறைக்கிற வெள்ளைப் புகை.
சீஸ் மூட்டைதான் முதலில் ஏறியது.

என்ன கோளாறு என்று கேட்டார் கெரோன்டி.
பெக்காரின் காது சிவந்திருந்தது;
குளிராகவும் இருக்கலாம்.
"பேட்டரிதான், பெரியவரே" என்றேன்.

சுக்தீதி வரைக்கும், மூன்று மணி நேரமும்,
அதையேதான் பேசிக்கொண்டு வந்தார்.